மல்லிகைத் தோட்டத்து வீடு

அத்தியாயம் 3

ஆடு தொலைந்துவிட்டது என்று புகார் கொடுக்கலாம், மாடு தொலைந்துவிட்டது என்று கொடுக்கலாம். வீடு தொலைந்துவிட்டது என்று கொடுத்தால் எந்த ஸ்டேஷனிலும் சிரிக்கத்தான் செய்வார்கள். ஏற்காடு ஸ்டேஷனில் பழனியம்மாளைப் பார்த்தும் சிரித்தார்கள். சிரித்து முடித்த ஏட்டு, மனசு கேட்காமல், "ஒண்டிக்கடையில பேக்கரிக்கு மேல ஒரு அம்மா இருக்காங்க. இந்த மாதிரி கேசெல்லாம் அவங்கதான் பாப்பாங்க" என்று வழி சொல்லி அனுப்பினார்.

அந்த அம்மாதான் இன்பமேரி. பதினெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊர் வம்பையெல்லாம் காதில் வாங்கி, ஒன்றைக்கூட வெளியே விடாமல் வேலையை விட்டவள். 'காணாமற்போனவை கண்டுபிடித்துத் தரப்படும்' என்று அவள் அறை வாசலில் தொங்கிய பலகையை எழுதியவன் வேடியப்பன். 'மனைவி காணாமற்போனவர்கள் நன்றாக யோசித்துவிட்டு வரவும்' என்று கீழே ஒரு வரி சேர்க்க அவனுக்குக் கொள்ளை ஆசை. மேரியக்கா விடவில்லை. காலையில் மஞ்சக்குட்டைக்கு ஜீப்பில் ஆள் ஏற்றுவான், மிச்ச நேரமெல்லாம் அக்காவுக்கு உதவியாளன். பேக்கரியிலிருந்து மேலே வரும் வாசனைக்காகத்தான் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவன் அதை மறுத்ததில்லை.

அது எழுபத்தொன்பதாம் வருஷத்து மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. பழனியம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயசு. இருபத்தேழு வருஷம் சிலோனில் தேயிலைக் கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். பின்னால் மகன் சின்னசாமி, பேச்சில்லாமல் சுவரோடு நின்றான்.

"கப்பல்ல வந்து எறங்கி மூணு மாசமாச்சும்மா. முகாம்ல கெடந்தோம். இங்க ஒரு எஸ்டேட்ல இவனுக்கு வேலை கெடைச்சிச்சு. குடியிருக்க வீடு இருந்தா இங்கயே பதிஞ்சுக்கலாம்னு மறுவாழ்வு ஆபீசர் சொன்னாரு. திங்கக்கெழமை சேலத்துலேருந்து வந்து வீட்டைப் பாப்பாராம்."

"வீட்டைக் காட்டலைன்னா?"

"எங்கயோ நூல் மில்லு இருக்குதாம், தெலுங்குச் சீமையில. அங்க அனுப்பிடுவாங்க. பொறந்ததுலேருந்து மலையில கெடந்தவம்மா நானு. அந்த வெயில்ல ஒரு வருசம் தாங்க மாட்டேன்." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழாததுதான் வேடியப்பனுக்கு என்னவோ போலிருந்தது.

மீதிக் கதை சுருக்கமானது. சிலோனிலிருந்து வந்தவர்களுக்கு மனு எழுதித் தருவது, வீடு பார்த்துத் தருவது என்று நல்லமுத்து என்பவர் உதவிக்கொண்டிருந்தார். போன புதன்கிழமை விடிகாலை தாயையும் மகனையும் ஜீப்பில் ஏற்றிப்போய் ஒரு வீட்டைக் காட்டினார். நல்ல மூடுபனி. போதாததற்குக் குளிரும் என்று ஜீப்பின் நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தார். வீடு பிடித்துவிட்டது. அன்று சாயங்காலமே பழனியம்மாள் காகிதத்தில் கைநாட்டு வைத்து, கையிலிருந்த இரண்டு பொன்வளையலையும் கழற்றிக் கொடுத்துவிட்டாள். நேற்று அவர் சாவியோடு கூட்டிப்போய்க் காட்டியது மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு குட்டிச்சுவர். கூரை கிடையாது. உள்ளே இரண்டு ஆடு படுத்திருந்தது.

"இதுதான் நீங்க பார்த்த வீடுங்கிறாரும்மா. பனியில உங்க கண்ணுக்கு அழகாத் தெரிஞ்சிருக்குங்கிறாரு. காகிதத்துலயும் அந்த எடந்தான் எழுதியிருக்காம்."

"கூரை இல்லாத ஊட்டுக்குச் சாவி எதுக்குங்க்கா? ஆடு ஓடிப்போயிராம இருக்கறதுக்கா?" என்றான் வேடியப்பன்.

மேரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"நீங்க பார்த்த வீட்டைப் பத்தி என்ன ஞாபகம் இருக்கோ சொல்லுங்க பழனியம்மாக்கா."

"ஓட்டு வீடு. பச்சைக் கதவு. வாசல்ல பலாமரம். அப்புறம்..." பழனியம்மாள் தயங்கினாள். "இதைச் சொன்னாத்தான் எல்லாரும் சிரிக்கிறாங்க. வீட்டைச் சுத்தி மல்லிகைத் தோட்டம்மா. நம்ம நெஞ்சு ஒசரத்துக்குச் செடி, வரிசை வரிசையா. பனிக்குள்ள வெள்ளை வெளேர்னு பூத்துக் கெடந்துச்சு. வாசனை மூக்கைத் தொளைச்சிச்சு."

வேடியப்பனும் சிரித்துவிட்டான். "ஏனுங்க, ஏற்காட்டுல மல்லிகைத் தோட்டமா? சாமிக்குச் சாத்தறதுக்கே சேலத்துலருந்து பஸ்ல பூ வருதுங்க."

மேரி சிரிக்கவில்லை. "சிலோன்ல நீங்க இருந்த பக்கம் காப்பிச் செடி உண்டா?"

"இல்லம்மா. கண்ணுக்கு எட்டுற மட்டும் தேயிலைதான்."

"வேடி, மல்லிகை மாதிரியே வெள்ளையாப் பூத்து, மல்லிகை மாதிரியே வாசம் வீசற செடி இந்த மலையில எது?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன், காப்பிப் பூ வாசத்தைச் சிலோன்காரம்மா சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதாகப் போயிற்று. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"அதெப்படிங்க்கா? மழை உழுந்து பத்து நாள் கழிச்சுத்தான காப்பி பூக்கும்? தையிலருந்து ஒரு பொட்டு மழை இல்லீங்களே. எந்த எஸ்டேட்டுலயும் இப்பப் பூ கெடையாதுங்க."

"அதனாலதான் கேசு சுலபமாச்சு. மழை வராத மலையில ஒரே ஒரு எடத்துல மட்டும் பூ பூத்திருக்குன்னா, மழையை யாரோ கையாலே பெய்ய வெச்சிருக்காங்க."

வேடியப்பன் தலையைச் சொறிந்தான். சொறிந்த கை அப்படியே நின்றது. "பெருங்கல் எஸ்டேட்! ஸ்பிரிங்க்ளர் எஞ்சினுக்கு நான்தானுங்க குப்பனூர்லருந்து டீசல் ட்ரம் ஏத்திட்டு வந்தேன். அது ஆச்சு, பன்னண்டு பதிமூணு நாளு!"

"பழனியம்மாக்கா பூவைப் பார்த்து மூணு நாளாச்சு. நீயே கணக்குப் போட்டுக்கோ." மேரி எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். படியில் இறங்கும்போது போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டாள். "அந்த வீட்டுல என்ன விலைன்னு நீங்க கேக்கலையா?"

"கேக்கக் கூடாதுன்னுட்டாரும்மா. புருசன் கட்டுன வீடு, விக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாலும் அந்தம்மா அழுதுரும், இந்த ஊரு வழக்கம் அப்படி, பாத்துட்டு வாயைத் தெறக்காம வந்துரணும்னாரு. பாவம், நல்ல மனுசி. காப்பி குடுத்துச்சு. நெய் விட்டு ரவையில இனிப்பு, சுடச்சுட. பலகாரம் வேற."

"காலங்காத்தாலயா? விக்கற ஊட்டுக்கே இப்பிடின்னா நாளைக்கே நானும் ஊடு பாக்கக் கெளம்பறேன்க்கா" என்றான் வேடியப்பன். அவனுக்கு அப்போதே வாய் ஊறியது. மேரியின் புருவம் மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியதை அவன் பார்த்தான். என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டாள் என்பது அவனுக்கு ஆறு வருஷப் பழக்கம்.

குப்பனூர் ரோட்டில் ஜீப் இறங்கியது. பெருங்கல் எஸ்டேட் வேலியைத் தொட்டதும் வேடியப்பன் வேகத்தைக் குறைத்தான். மலை முழுக்கக் காப்பிச் செடி பச்சையாக நின்றிருக்க, இங்கே மட்டும் கிளைக்குக் கிளை பூ வாடிப் பழுப்பேறித் தொங்கிக்கொண்டிருந்தது. வாசனை இன்னும் மிச்சம் இருந்தது.

"இதேதாம்மா!" என்று பழனியம்மாள் கத்தினாள். வேலி முடிகிற இடத்தில், எஸ்டேட்டை ஒட்டிய சின்ன நிலத்தில், பலாமரமும் பச்சைக் கதவும் தெரிந்தன. அந்த வீட்டுக்கு மேல்புறம் சின்னதாக இன்னொரு ஓட்டு வீடு. அதன் கதவு பூட்டிக் கிடந்தது.

சத்தம் கேட்டு வெளியே வந்தவள் கிருஷ்ணம்மாள். பெருங்கல் எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்து இறந்துபோனவரின் மனைவி. வேடியப்பனுக்குத் தெரிந்த முகம்தான். கூட்டுக் களவாணி என்றால் நம்மைப் பார்த்ததும் முகம் வெளுக்க வேண்டும் என்று அவன் உன்னிப்பாகக் கவனித்தான். வெளுக்கவில்லை. சிவந்தது.

"இன்னும் என்னத்துக்குங்க வந்தீங்க?" என்று அவள் நேராகப் பழனியம்மாளைப் பார்த்துக் கேட்டாள். "வேண்டாம்னு சொல்லி அனுப்பீட்டீங்க, சரி. மறுக்காவும் வாசலுக்கு வந்து நிக்கறது எந்த ஊரு மொறைங்க?"

பழனியம்மாள் திகைத்துப்போனாள். "நாங்களாம்மா? நாங்க வேண்டாம்னு சொல்லவே இல்லையே! வளையலையே கழட்டிக் குடுத்துட்டேனே!"

"வளையலா? எங்களுக்கு எந்த வளையலும் வல்லீங்க."

வேடியப்பனுக்குத் தலை சுற்றியது. விற்கிறவள் கோபப்படுகிறாள், வாங்குகிறவள் மன்னிப்புக் கேட்கிறாள். இருபத்தைந்து நிமிஷம் வண்டி ஓட்டி வந்து வேறு ஏதோ கதைக்குள் நுழைந்துவிட்டதுபோல் இருந்தது.

மேரி இருவருக்கும் நடுவே போய் நின்றாள். "கிருஷ்ணம்மாக்கா, ஒரே ஒரு கேள்வி. புதன்கிழமை இவங்க எதைப் பாக்க வர்றதா நல்லமுத்து உங்ககிட்டச் சொன்னாரு?"

"இதென்னங்க கேள்வி? எம் பொண்ணு கலாவதியைத்தான்!"

சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சின்னசாமிக்குப் புரையேறியது. காலையிலிருந்து அவன் எழுப்பிய முதல் சத்தம் அதுதான்.

"விக்கற வீட்டுல யாருக்கும் காலங்காத்தால கேசரி கிண்டித் தர மாட்டாங்க வேடி" என்றாள் மேரி. "பொண்ணு பாக்க வந்தவங்களுக்குத்தான் தருவாங்க. உனக்கு நாக்கு ஊறிச்சு, மூளை ஊறலை."

அதற்கப்புறம் கதை மளமளவென்று அவிழ்ந்தது. பழனியம்மாளிடம் 'இந்த ஊர் வழக்கம், விற்பதைப் பற்றிப் பேசாதே' என்று சொன்ன அதே நல்லமுத்து, கிருஷ்ணம்மாளிடம் வேறொரு வழக்கத்தை விற்றிருக்கிறார். சிலோன்காரர்கள் நம் சனம்தான், பூர்வீகம் ஆத்தூர்ப் பக்கம், ஆனால் கடல் கடந்து போனதில் பழக்கம் மாறிவிட்டது. முதல் தடவை வீட்டை மட்டும்தான் பார்ப்பார்கள். பெண்ணை முன்னால் நிறுத்தக் கூடாது, சம்பந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, எடுத்தால் அபசகுனம் என்று எழுந்து போய்விடுவார்கள். இரண்டு பக்கமும் மற்றவர் வழக்கத்துக்கு மரியாதை கொடுத்து, கேசரியைத் தின்றுகொண்டு, பலாமரத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்திருக்கிறார்கள். அவர்கள் மரியாதையே நல்லமுத்துவுக்கு மூலதனம்.

"உங்ககிட்ட என்ன வாங்கினாரு?" என்று கேட்டாள் மேரி.

"தரகுன்னு தடவைக்கு ஒரு மூட்டை மொளகுங்க. இவிங்களோட மூணு குடும்பம் வந்து போயிருச்சு. ஒவ்வொரு தரமும் ரெண்டு நாள்ல வந்து, வேண்டாம்னுட்டாங்கம்பாரு." கிருஷ்ணம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "எம் பொண்ணு மொகத்தை எங்கயோ இருந்து பாத்துட்டுத்தான் வேண்டாங்கறாங்கன்னு அவ மனசுல உழுந்துருச்சுங்க. பதனஞ்சு நாளா சரியாச் சாப்படறதில்ல. இனிமே எவனும் என்னைப் பாக்க வரக்கூடாதுங்கறா. இன்னிக்கு ஒரு தடவை மட்டும் கண்ணுன்னு நான்தான் கெஞ்சி வெச்சிருக்கறேன்."

"இன்னிக்கா?"

"பதனோரு மணிக்கு நாலாவது குடும்பத்தைக் கூட்டிட்டு வாரேன்னிருக்காருங்க."

வேடியப்பன் கடிகாரத்தைப் பார்த்தான். பத்து ஐம்பது. உள்ளேயிருந்து நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை வந்தது. காலையிலிருந்து ஒரு பன்னோடு வேலை பார்க்கிறவனுக்கு இது சோதனைதான். ஆனால் மேரி அதற்குள் உத்தரவு போட ஆரம்பித்திருந்தாள். ஜீப் மேல்வீட்டுக்குப் பின்னால் போயிற்று. பழனியம்மாளும் சின்னசாமியும் சமையலறைக்குப் போனார்கள். மேரி அரிசிமூட்டைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப்போல நிதானமாக உட்கார்ந்தாள்.

சொன்னபடி பதினோரு மணிக்கு வாடகை ஜீப்பில் நல்லமுத்து வந்திறங்கினார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, முகமெல்லாம் சிரிப்பு. கூட ஒரு வயசான தம்பதி. அந்தப் பெரியவர் வீட்டை அண்ணாந்து பார்த்து, ஓட்டுக்குக் கீழிருந்த உத்தரக் கட்டையைத் தட்டிப் பார்த்தார். அந்தத் தட்டு ஒன்றே போதும், அவர் பெண் பார்க்க வந்தவரில்லை என்று வேடியப்பனுக்குப் புரிய.

கிருஷ்ணம்மாள் பாய் விரித்தாள். நல்லமுத்து உட்கார்ந்து, உதட்டில் விரல் வைத்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண் ஜாடை காட்டினார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். இனி மேரியக்கா வெளியே போவாள் என்று வேடியப்பன் கதவிடுக்கில் தயாராக நின்றான். ஆனால் அவள் முக்காலியை விட்டு எழவில்லை. எழுந்தது வேறொருத்தி.

உள்ளறையிலிருந்து கலாவதி வந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். கட்டியிருந்தது வேலைக்குப் போகிற நூல் சேலை, தலையில் பூ இல்லை. கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனாள். நல்லமுத்து பதறி, "கண்ணு, நீ உள்ள போ, உள்ள போ" என்றார். அவள் தட்டைப் பெரியவர் முன்னால் வைத்தாள்.

"ஏனுங்கய்யா, நீங்க ஊட்டைப் பாக்க வந்தீங்களா, என்னையப் பாக்க வந்தீங்களா?"

பெரியவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். "உன்னைய எதுக்குத் தாயி பாக்கணும்? எனக்கு மகனும் இல்ல, பேரனும் இல்ல. வீட்டை விக்கிறதாச் சொன்னாரு, வந்தோம்."

கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நல்லமுத்து மட்டும் பேசாமல் செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடி, வாடகை ஜீப்பில் தாவி ஏறினார். "எடுப்பா வண்டியை, எடு!"

"எங்கீங்க போவோணும்?" என்று டிரைவர் திரும்பினான். வாடகை ஜீப்பின் சொந்த டிரைவர் பலாமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தான். சந்தடியில் பின்வாசல் வழியே ஓடிவந்து சீட்டில் உட்கார்ந்திருந்தவன் வேடியப்பன். "ஸ்டேஷனுங்களா? அங்க ஒரு ஏட்டு நல்லாச் சிரிப்பாருங்க. உங்களைப் பாத்தா இன்னும் நல்லாச் சிரிப்பாரு."

நல்லமுத்துவின் மடியில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தால் இரண்டு வளையல். பழனியம்மாள் அவற்றைப் போட்டுக்கொள்ளவில்லை, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வளையல் கிடைத்துவிட்டது. வீடு கிடைக்கவில்லையே. அது விற்கிற வீடே இல்லை. திங்கட்கிழமை அப்படியேதான் இருக்கிறது. "வரோம்மா, தப்பா நெனைக்காதீங்க" என்று கிருஷ்ணம்மாளைக் கும்பிட்டுவிட்டு அவள் படி இறங்கினாள். வேடியப்பனுக்கே வேடிக்கை பேசத் தோன்றவில்லை.

கலாவதி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "அம்மா, அன்னிக்கு நீங்க வந்தப்ப, நெசமா என்னையப் பாக்கவே இல்லீங்களா?"

"சத்தியமா இல்ல புள்ள. நான் ஓட்டைப் பாத்தேன், அடுப்பைப் பாத்தேன். கதவுக்குப் பின்னால நீ நின்னதே எனக்குத் தெரியாது."

"அப்ப என்னைய ஒருத்தருமே வேண்டாம்னு சொல்லலீங்களா?"

"பாக்காம எப்படித் தாயி சொல்லுவோம்?"

கலாவதி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கடைசியில் முகத்தை மூடி அழுதாள். பழனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். கிருஷ்ணம்மாள் இதைப் பார்த்துக்கொண்டு தூணைப் பிடித்தபடி நின்றாள்.

அந்த நேரம் பார்த்து மேரி, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள். "கிருஷ்ணம்மாக்கா, மேல ஒரு வீடு பூட்டிக் கெடக்குதே, அதுல யாருங்க குடியிருக்காங்க?"

"எங்க கொழுந்தனாரு இருந்த ஊடுங்க. இப்ப மொளகுதான் குடியிருக்குது." சொல்லிவிட்டு நிறுத்தினாள். எதற்காக அந்தக் கேள்வி என்று புரிந்துவிட்டது. "இருந்தாலும்... வயசுப் பையனை வெச்சிட்டு இருக்கறவங்க. எங்க ஊட்டுலயும் கல்யாணம் ஆவாத புள்ள. ஊருல நாலு பேரு..."

"ஊரு பேசறதுக்கு ரெண்டு மாசமா நாமளேதான் கேசரி கிண்டிப் போட்டோம்மா" என்றாள் கலாவதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள் ஒரு பழைய சாவியோடு வந்து, அதைப் பழனியம்மாள் கையில் வைத்து மூடினாள். "மொளகை எறக்கற வேலைக்கு மட்டும் உங்க பையனை வரச் சொல்லுங்க. பேசத் தெரியாட்டிப் போவுது, மூட்டை தூக்கத் தெரியுமில்லீங்களா?"

சின்னசாமி அப்போதே மேல்வீட்டை நோக்கி நடந்தான். காது மட்டும் சிவந்தது. பின்னால் வாய் பார்த்து நின்ற பெரியவருக்கும் வேறு இடம் பார்த்துத் தருவதாகச் சொல்லி, மேரி அவர் பெயரைக் குறித்துக்கொண்டாள். மத்தியானம் ஸ்டேஷனில் நல்லமுத்துவைப் பார்த்து ஏட்டு நன்றாகவே சிரித்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சேலத்து ஆபீசர் வந்தார். சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தார், புது அடுப்பைப் பார்த்தார், வாடகைச் சீட்டைப் பார்த்தார். உள்ளே மிளகு நெடியில் இரண்டு தடவை தும்மிவிட்டு, வாசலில் நின்று பாரத்தை நிரப்பினார். பெயர், அட்டை எண், ஊர் எல்லாம் எழுதினார்.

"தபால்காரருக்கு அடையாளம் என்னன்னு போடறதும்மா?"

பழனியம்மாள் திரும்பிப் பார்த்தாள். பூவெல்லாம் உதிர்ந்து காப்பிச் செடிகள் வெறும் பச்சையாக நின்றன.

"மல்லிகைத் தோட்டம்னு போட்டுக்குங்கய்யா" என்றாள்.

ஆபீசர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். அது காப்பிங்க என்று சொல்ல வேடியப்பன் வாயைத் திறந்தான். மேரி அவன் காலை நன்றாக அழுத்தி மிதித்தாள். திறந்த வாயை அவன் அப்படியே கொட்டாவியாக மாற்றிக்கொண்டான். ஆபீசர் சுற்றுமுற்றும் பார்த்தார், ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார், பிறகு குனிந்து அப்படியே எழுதிக்கொண்டார்.